கார்டு, டைஸ், ஒரு பழைய லேப்டாப்: தோட்டப்புறத்தில் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது மேஜிக் என்ற கார்டு ஆட்டம், ஆர்.பி.ஜி. எனும் பாத்திரமேற்று ஆடும் கேம் என்று ஆசை வந்துவிட்டால் முதலில் கேட்பது, "அண்ணே, எதை வாங்கலாம்?" என்றுதான். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். யாரோடு ஆடப்போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர் ஒரு கார்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்தால் எதிரில் ஆட யாராவது கிடைப்பார்கள். நம்மைப் போன்ற தோட்டத்து ஊரில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. ஆள் இல்லாமல் வாங்கிய கார்டு அலமாரியில் கிடந்து வளையும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நாலு பேர், எல்லாருக்கும் பொதுவான ஒரு கார்டுப்பெட்டி, கொஞ்சம் காசு என்ற கணக்கில்தான் போகும்.

முதலில் வீடு

அம்மா, அப்பா காலத்தில் தோட்டத்தில் சீட்டு என்றால் சம்பள நாள், கள்ளுக்கடை, காசு வைத்து ஆடுவது. அந்த ஞாபகம் இருக்கும் வீட்டில் நீங்கள் கார்டுக் கட்டை விரித்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஒளித்து வைத்து ஆடாதீர்கள். வரவேற்பறையில், அவர்கள் கண்முன்னே ஒரு ஆட்டம் ஆடுங்கள். பூதம், தேவதை, நெருப்பு, காடு என்று படங்களைப் பார்த்துவிட்டு அவர்களே "இது என்னடா?" என்று கேட்பார்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அவர்களிடம் பேசும்போது ஒரு விஷயத்தை மூடி மறைக்க வேண்டாம். ஆட்டத்தில் காசு வைப்பதில்லை, சரி. ஆனால் கார்டை விற்கும் விதத்தில் சூது இருக்கிறது. மேஜிக்கின் பூஸ்டர் பேக் எனும் மூடிய பாக்கெட் ஒன்றைப் பிரித்தால் ஆடக்கூடிய கார்டு 14 இருக்கும். அதில் எது வரும் என்று பிரிக்கும்வரை தெரியாது. அரிய கார்டு ஒன்று வரும், அது பெரும்பாலும் நமக்கு உதவாது, உடனே அடுத்த பேக்கின் மேல் கண் போகும். ஒரு பேக் விலையில் நாலு பேர் நாசி லெமாக் சாப்பிடலாம். ஆகவே முதல் விதி: பேக் வாங்குவதில்லை. இதை வீட்டில் சொல்லிவிட்டு, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஆள் சேர்ப்பது

இரண்டு பேர் போதும், நாலு பேர் இருந்தால் உத்தமம். இடைநிலைப்பள்ளி நண்பர்கள், சாயங்காலம் பூப்பந்து ஆடும் கூட்டம், கோயில் திருவிழாவில் சேர்ந்து வேலை செய்யும் பிள்ளைகள் என்று தேடுங்கள். நாலு பேரில் ஒருவராவது ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்க வேண்டும். கார்டில் எழுதியிருப்பதை அவர் தமிழில் சொல்லிக்கொண்டே போனால் மற்றவர்களுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும். தங்கைகளையும் தோழிகளையும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்கும் கூட்டம் சீக்கிரமே அலுத்துப்போய்க் கலைந்துவிடும்.

மாமாக் கடை மேசை வேண்டாம். தே தாரிக் வட்டம் காய்வதற்குள் கார்டை அதன் மேல் வைத்துவிடுவோம். யாராவது ஒருவர் வீட்டில் பாய் விரித்துத் தரையில் உட்கார்வது நல்லது. ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் இருந்தால் நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.

எந்த கார்டு கேம்?

நம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பது மூன்று: போகிமான், யூகியோ, மேஜிக்: தி கேதரிங்.

போகிமானில் ஒவ்வொருவருக்கும் 60 கார்டு. ஆறு பரிசுக் கார்டுகளை முதலில் எடுத்து முடிப்பவர் ஜெயித்தார். விதி எளிது, படம் அழகு, பத்து வயதுப் பிள்ளையோடு ஆட இதைவிட நல்லது கிடையாது. பெரியவர்கள் நாலு பேர் வாராவாரம் ஆட எனக்கு அது போதவில்லை. யூகியோவில் 8000 உயிர்ப்புள்ளியோடு தொடங்குவார்கள். கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் இன்றைய யூகியோவில் எதிராளி தன் ஒரு முறையில் பத்துப் பதினைந்து கார்டுகளைச் சங்கிலியாக இறக்கிக்கொண்டே போவார், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். புதியவரை விரட்டியடிக்க இது ஒன்றே போதும். யூகியோ ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

என் தேர்வு மேஜிக். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கியது. ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். வெள்ளை ஒழுங்காக அணிவகுக்கும், நீலம் எதிராளி செய்வதைத் தடுக்கும், கறுப்பு கொல்லும், இறந்ததை எழுப்பும், சிவப்பு எரிக்கும், பச்சை பெரிய மிருகங்களை வளர்க்கும். இந்தக் குணங்கள் மனதில் பதிந்துவிட்டால் பார்க்காத கார்டைக்கூட ஓரளவு ஊகித்துவிடலாம்.

காசு செலவழிக்காமல் கற்றுக்கொள்ள, மேஜிக் அரீனாவைக் கைப்பேசியிலோ கணினியிலோ இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இடம் நிறையப் பிடிக்கும், வைஃபை இருக்கும் இடத்தில் இறக்குங்கள். தொடக்கப் பாடத்தையும் ஐந்து நிறங்களுக்கான சவால்களையும் முடித்தால் ஆயத்தமான டெக்குகள், அதாவது ஆடுவதற்கான கார்டுக் கட்டுகள், கிடைக்கும். அதற்கு மேல் ரத்தினம் வாங்கு, பேக் பிரி என்று அது நச்சரிக்கும்போது மூடி வைத்துவிட்டு நண்பர் வீட்டுக்குப் போங்கள். அரீனா ஆசிரியராக இருக்கட்டும், அதுவே ஆட்டக்களமாக வேண்டாம்.

முதல் ஆட்டம்: கையைத் திறந்து வைத்து ஆடுங்கள்

ஆளுக்கு 20 உயிர், கையில் ஏழு கார்டு. முறைக்கு ஒரு நிலக் கார்டு இறக்கலாம். அந்த நிலத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் மானா என்ற மந்திர சக்தி கிடைக்கும், மானாவைச் செலவழித்து உயிரினமோ மந்திரமோ இறக்கலாம். இறக்கிய அதே முறையில் உயிரினம் தாக்கப் போகாது, உங்களுடைய அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். எதிராளியின் உயிரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் வெற்றி. கார்டு எடுக்க வேண்டிய நேரத்தில் உங்கள் கார்டுக் கட்டு தீர்ந்துபோயிருந்தாலும் தோல்விதான். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

முதல் இரண்டு ஆட்டங்களில் இருவரும் கைக் கார்டுகளை மறைக்காமல் மேசையில் விரித்து வையுங்கள். "நீ இதை இறக்கினா நான் இப்படிச் செய்வேன்" என்று வாய்விட்டுப் பேசுங்கள். ஏனென்றால் மேஜிக்கில் புதியவர்களைக் குழப்புவது ஒரே ஒரு இடம், அது ஸ்டாக்: போட்ட கார்டுகள் நடப்பதற்காகக் காத்திருக்கும் வரிசை. அதைத் திறந்த கையோடு பார்த்தால்தான் பிடிபடும்.

ஒரு உதாரணம். எதிராளியிடம் ஒரு கிரிஸ்லி பேர்ஸ் கரடி நிற்கிறது: பலம் 2, தாங்கும் சக்தி 2, சுருக்கமாக 2/2. உங்கள் கையில் லைட்னிங் போல்ட்: ஒரு சிவப்பு மானா, மூன்று சேதம், எந்த நேரத்திலும் போடலாம். எதிராளி கையில் ஜயண்ட் குரோத்: ஒரு பச்சை மானா, இந்த முறை முடியும்வரை உயிரினத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று கூடும். நீங்கள் முதலில் கரடியின் மேல் போல்ட் போடுகிறீர்கள். அது நடப்பதற்கு முன் எதிராளி பதிலுக்கு ஜயண்ட் குரோத் போடுகிறார். கடைசியாகப் போட்டதுதான் முதலில் நடக்கும். கரடி 5/5 ஆகிவிட்டது, அப்புறம் மூன்று சேதம் விழுகிறது, கரடி பிழைத்துவிட்டது. உங்கள் போல்ட் வீண்.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். கரடி தாக்க வருகிறது, எதிராளி முந்திக்கொண்டு ஜயண்ட் குரோத் போடுகிறார். நீங்கள் பதிலுக்குப் போல்ட் போடுகிறீர்கள். உங்களுடையது முதலில் நடக்கிறது, 2/2 கரடி செத்துவிடுகிறது, ஜயண்ட் குரோத் தேடி வரும்போது கரடியே இல்லை. அதே இரண்டு கார்டு, அதே இரண்டு மானா, யார் பொறுத்திருந்தார் என்பதில்தான் வித்தியாசம். இது புரிந்த அன்றைக்கு உங்கள் நண்பர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும், அதற்குப் பிறகு அவரை ஆட்டத்துக்கு வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்காது.

பொதுப்பெட்டி

தோட்டப்புறத்துக்கு ஏற்ற முறை என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதைத்தான். ஆளாளுக்கு டெக் கட்டினால் காசு உள்ளவன் ஜெயிப்பான். கடையில் வேலை செய்து சம்பாதிக்கும் ஒருவரும் எஸ்.பி.எம். பரீட்சை எழுதப்போகும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் தம்பி வர மாட்டான். அதற்குப் பதிலாக நாலு பேரும் சமமாகக் காசு போட்டு ஒரே பெட்டி கட்டுங்கள். உலகம் முழுக்க இதை கியூப் என்பார்கள். அதிலும் எங்கும் மலிவாகக் கிடைக்கும் காமன் கார்டுகளை மட்டும் வைத்துக் கட்டுங்கள். காமன் மட்டும் என்பது ஏழைகளின் சமாளிப்பு என்று யாராவது சிரித்தால், காமன் கார்டு மட்டும் அனுமதிக்கும் பாப்பர் என்ற ஆட்டமுறை 2019 முதல் அதிகாரபூர்வமானது என்று சொல்லுங்கள்.

கணக்கு எளிது. நாலு பேருக்கு, ஆளுக்கு 45 கார்டு வீதம் 180 வேண்டும். நிறத்துக்கு 30 வைத்தால் ஐந்து நிறத்துக்கு 150. இரண்டு நிறம் சேர்ந்த கார்டு, ஜோடிக்கு ஒன்றாகப் பத்து. நிறமில்லாத பொருள் கார்டுகள் 20. ஆக 180. இதைத் தவிர அடிப்படை நிலம் ஒவ்வொரு வகையிலும் 20. நிலத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், பழைய ஆட்டக்காரர்கள் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு நிறத்து முப்பதிலும் பாதிக்கு மேல் உயிரினங்கள் இருக்கட்டும். இரண்டு மானா, மூன்று மானா விலையில் இருப்பவைதான் அதிகம் தேவை. புதியவர்கள் பட்டியல் போடும்போது ஏழு மானா ராட்சசர்களாகப் பொறுக்கி வைப்பார்கள். அது இறங்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பச்சையில் லானோவார் எல்வ்ஸ் கட்டாயம்: ஒரு மானாவுக்கு இறங்கி, அடுத்த முறையிலிருந்து தானே ஒரு மானா தரும். வெள்ளையில் பசிஃபிசம், எதிராளியின் மிருகத்தைத் தாக்கவும் தடுக்கவும் முடியாமல் உட்கார வைத்துவிடும். நீலத்தில் மல்டிரிஃப்டர், சிவப்பில் மேலே சொன்ன போல்ட். மற்றதை உங்கள் ரசனைக்கு விடுகிறேன். படம் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு கார்டைச் சேர்ப்பதும் நியாயமான காரணம்தான்.

வாங்கும்போது ஒருவர் பெயரில் ஒரே கட்டாக வரவழையுங்கள், இல்லையென்றால் கார்டு விலையைவிட அஞ்சல் செலவு கூடிவிடும். ஈப்போவுக்குப் போகும் வேலை இருந்தால் பட்டியலை எழுதிக்கொண்டு போய்க் கடையில் காமன் கார்டுப் பெட்டியைக் கிளறுங்கள். பட்டியலில் இல்லாததைத் தொடுவதில்லை என்ற உறுதியோடு போனால் இன்னும் நல்லது. கிடைக்காத கார்டுக்கு ஒரு தாளில் பெயரையும் விதியையும் எழுதி உறைக்குள் செருகிக்கொள்ளலாம். வீட்டு ஆட்டத்துக்கு அது போதும். போலிக் கார்டை அசல் என்று விற்பது வேறு கதை, அதன் பக்கமே போகாதீர்கள்.

ஆடும் முறை: 180 கார்டையும் கலைத்து ஆளுக்குப் பதினைந்து பதினைந்தாக மூன்று கட்டு கொடுங்கள். முதல் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை இடதுபக்கம் தள்ள வேண்டும். கட்டு தீரும்வரை இப்படி. இரண்டாவது கட்டு வலதுபக்கம், மூன்றாவது மறுபடி இடதுபக்கம். கையில் 45 சேர்ந்ததும் அதில் 23 கார்டு, 17 நிலம், ஆக 40 கார்டில் டெக் கட்டுங்கள். நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது நிறத்தில் ஒரு நல்ல கார்டு கண்ணைச் சிமிட்டும், விட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் திரும்பிவிடும், அடுத்த வாரம் எல்லாருக்கும் வேறு டெக். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, யாரும் எடுக்காமல் கடைசியில் மிஞ்சும் கார்டுகளை மட்டும் மாற்றினால் போதும்.

கமாண்டர் என்று ஒன்று உண்டு: 100 கார்டு, அடிப்படை நிலம் தவிர எதுவும் இரண்டு முறை வரக்கூடாது, 40 உயிர், நாலு பேர் ஒரே மேசை. இன்றைக்கு எல்லாரும் ஆடுவது அதுதான். கூட்டமாக உட்கார்ந்து சிரிக்க நல்ல ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆட்டமாக அதைக் கற்றுக்கொடுத்தால் மேசையில் நாற்பது கார்டு கிடக்கும், புதியவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கைப்பேசியை நோண்டத் தொடங்கிவிடுவார்.

ஈரக்காற்று

பேராக் மழையும் வெக்கையும் கார்டுக்கு எதிரி. முதல் நாளே உறை போடுங்கள், முறுக்கு தின்ற கையோடு தொடாதீர்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். பளபளக்கும் ஃபாயில் கார்டு வேண்டவே வேண்டாம். காகிதப் பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், பளபளப்புப் பக்கம் விரியாது, அதனால் கார்டு வளைந்துவிடும். வளைந்த கார்டு கட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

கணினிப் பக்கம்

ஆள் வராத நாட்களுக்கு ஆர்.பி.ஜி. இருக்கிறது. கார்டு ஆட்டத்திலிருந்து அங்கே போக ஒரு நல்ல பாலம் ஸ்லே தி ஸ்பையர். 2019இல் முழுமையாக வெளிவந்தது, பழைய லேப்டாப்பிலும் ஓடும், கைப்பேசியிலும் உண்டு. அயர்ன்கிளாட் என்ற வீரனோடு பத்தே பத்து கார்டில் தொடங்குவீர்கள்: ஐந்து தாக்குதல், நாலு தற்காப்பு, பேஷ் என்ற பலமான அடி ஒன்று. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று கார்டு காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும். எல்லாவற்றையும் எடுத்துக் குவித்தால் தேவையான கார்டு கைக்கு வரவே வராது. வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போகவும் ஒரு பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானை அமுக்கப் பழகியவர் பொதுப்பெட்டி ஆட்டத்திலும் முன்னேறிவிடுவார்.

அப்புறம் கதை ஆட்டங்கள். புதியவர்கள் நேராக எல்டன் ரிங் பக்கம் ஓடுகிறார்கள். 2022இல் வந்தது, அருமையான ஆட்டம், ஆனால் கை வேகமும் பொறுமையும் ஒருசேரக் கேட்கும். முறை வைத்து அடிக்கும் வகையில் தொடங்குங்கள். 1995இல் வந்த குரோனோ டிரிகர் கைப்பேசியில் கிடைக்கிறது. அதில் காத்திருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் மெனுவில் நுட்பமோ பொருளோ தேடும்போது எதிரி பொறுத்துக்கொள்வான். காலம் விட்டுக் காலம் தாவும் கதை, பல முடிவுகள், இன்றைக்கும் அலுக்காது. அதை முடித்தவர் 1998இன் பால்டர்ஸ் கேட் பக்கம் வரலாம். 2012இல் புதுப்பித்த பதிப்பு எந்த லேப்டாப்பிலும் ஓடும்.

பால்டர்ஸ் கேட்டுக்கு இரண்டு எச்சரிக்கை. முதல் ஆட்டத்தில் மந்திரவாதியாகப் போகாதீர்கள். முதல் நிலை மந்திரவாதிக்கு நாலைந்து உயிர்ப்புள்ளிதான், காட்டில் ஓர் ஓநாய் கடித்தாலே கதை முடிந்துவிடும். சாதாரண வாள்வீரனாகப் போங்கள், சண்டை தொடங்கியதும் ஸ்பேஸ் பட்டனைத் தட்டி நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் வேலை கொடுத்துவிட்டு மறுபடி ஓட விடுங்கள். இரண்டாவது, அந்தப் பழைய விதியில் கவசக் கணக்கு தலைகீழ், எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். நல்ல கவசம் போட்டதும் எண் இறங்குகிறதே என்று கழற்றிவிடாதீர்கள்.

2023இல் வந்த மூன்றாம் பாகம் எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாலு பேர் சேர்ந்து ஆடலாம். ஆனால் வட்டில் 150 ஜிபி இடமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். அந்த வசதி வரும்வரை 2017இன் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 இருக்கிறது. அதே நிறுவனம், அதே நாலு பேர், எண்ணெயில் நெருப்பு வைப்பது, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது என்று குறும்பு நிறைய. ஸ்கைரிம் பற்றிக் கேட்பார்கள். 2011இலிருந்து ஜனங்கள் அதை விடுவதாக இல்லை. மலையேறிச் சுற்ற நல்ல இடம், பேச்சிலும் கதையிலும் ஆழம் குறைவு என்பது என் அபிப்பிராயம். விட்சர் 3 நேர் எதிர், சின்னக் கிராமத்துச் சிக்கலுக்குக்கூட எழுத்தில் கனம் இருக்கும். அதற்குள்ளேயே குவென்ட் என்று ஒரு கார்டு ஆட்டம் வைத்திருக்கிறார்கள். வளர்ப்பு மகளைத் தேடிப் புறப்பட்ட கதாநாயகன் கெரால்ட் ஊர் ஊராகக் கடைக்காரர்களோடு சீட்டாடிக்கொண்டிருப்பான், நாமும் அதைத் தடுக்க மாட்டோம்.

கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் விலை ரிங்கிட்டிலேயே காட்டும். விருப்பப் பட்டியலில் போட்டு வைத்து, தள்ளுபடி வரும்போது மட்டும் வாங்குங்கள். பழைய ஆட்டங்கள் அப்போது ஒரு சாப்பாட்டு விலைக்கு வந்துவிடும். இலவசம் என்று வரும் கைப்பேசி ஆட்டங்களில்தான் உண்மையில் கை கடிக்கும். கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு குலுக்கல் இழுப்பில் வர வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90ஆவது இழுப்பில் உறுதியாக ஒன்று தருவார்கள், நீங்கள் நினைத்த ஆள்தான் வருவார் என்று உறுதி இல்லை. பூஸ்டர் பேக்குக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

மத்தியானம் வானம் கறுத்தால் உடனே சேமியுங்கள். ஒரே கோப்பில் மாற்றி மாற்றிச் சேமிக்காமல் மூன்று கோப்பாவது வையுங்கள். இடி நெருங்கினால் லேப்டாப் சார்ஜர், மோடம் இரண்டையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பூதத்தைத் தோற்கடித்துவிடலாம், சுங்கை சிப்புட் இடியைத் தோற்கடிக்க முடியாது.

தமிழில் ஒரு மேசை

இத்தனை ஆட்டங்களுக்கும் மூலம் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். திரை வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒருவர் கதை சொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, 2023இல் அதன் முக்கியப் பகுதியை யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்திலும் வெளியிட்டார்கள். இருபது பக்க டைஸ் இல்லையென்றால் கைப்பேசியில் உருட்டலாம்.

இதை ஆங்கிலத்தில் ஆடாதீர்கள். கோட்டை, டிராகன், எல்ஃப் என்று வாசித்துக்கொண்டிருந்தால் கூச்சமாக இருக்கும், பத்து நிமிடத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள். நமக்குத் தெரிந்த இடத்தில் கதையை வையுங்கள். கைவிடப்பட்ட பழைய துரை பங்களா, பால் மரம் வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காடு, யாரும் போகாத ஆயாக் கொட்டகை. பாத்திரங்களும் அப்படியே: செக்ரோல் எனும் வருகைப் பதிவேடு எழுதும் கிராணி, காட்டு வழி தெரிந்த மண்டோர் (கங்காணி), மருந்துக்காரம்மா. விதிப்புத்தகத்து வீரன், திருடன், வைத்தியர் எண்களை இவர்களுக்கு மாட்டினால் வேலை முடிந்தது.

இப்படித்தான் போகும். கதை சொல்பவர்: "பங்களா முன்கதவு திறந்து கெடக்கு. உள்ள விளக்கு எரியுது. பத்து வருஷமா அங்க கரண்டே இல்ல. என்ன செய்றீங்க?" கிராணியாக ஆடும் தம்பி, "நான் வாசல் பக்கம் போக மாட்டேண்ணே. பின்னால குசினி ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறேன்" என்கிறான். சத்தமில்லாமல் போக முடியுமா என்று உருட்டச் சொல்ல வேண்டும். நடுத்தரமான வேலைக்கு இலக்கு 15. டைஸில் 14 விழுகிறது, கிராணிக்குப் பதுங்குவதில் 2 கூடுதல், மொத்தம் 16. "சருகு கூட சத்தம் போடல. உள்ள ஒருத்தர் மேசையில உக்காந்து செக்ரோல் எழுதிக்கிட்டிருக்கார். நீ எழுதுற அதே கையெழுத்து." இதற்குப் பிறகு மேசையில் யாரும் மைலோவைத் தொட மாட்டார்கள்.

கதை சொல்பவருக்கு மூன்று யோசனை. முழுக் கதையையும் எழுதி வைக்காதீர்கள். ஒரு இடம், அங்கே ஒரு ஆளின் ஆசை, ஒரு ஆபத்து, இவ்வளவு போதும், மற்றதை ஆடுபவர்களே கொண்டுவருவார்கள். டைஸ் தோற்றால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லாதீர்கள், ஜன்னல் கதவு கிறீச்சிட்டது, உள்ளே இருப்பவர் திரும்பிப் பார்த்தார் என்று கதையை நகர்த்துங்கள். பேய் வரலாம், ஆனால் முனியையோ ஊர்க் காவல் தெய்வத்தையோ அடித்து வீழ்த்தும் எதிரியாக வைக்க வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் அதற்குப் பூசை நடக்கும். பெரியவர்கள் காதில் விழுந்தால் மறுவாரம் அந்த வீட்டில் இடம் கிடைக்காது.

முதல் அமர்வு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். கலைவதற்கு முன் அடுத்த முறை கதை சொல்லப்போவது யார், எந்த ஞாயிறு, யார் வீடு என்று அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் தைப்பூசம், பரீட்சை, ஓவர்டைம் என்று இரண்டு மாதம் ஓடிவிடும்.